நல்ல வில்லங்கம்

அடமானப் பத்திரங்களில் நான்கெல்லை சரிபார்ப்பது வங்கியில் என் வேலை. 'கிழக்கே ஆற்றுப் புறம்போக்கு' என்றிருந்தால் சொத்து அங்கே முடிகிறது. அதற்கப்பால் தனியாருக்குப் பாத்தியதை இல்லை. இங்கிலாந்தில் கரை அப்படி எல்லையாவதில்லை. கடல் ஓதம் ஏறாத ஆறுகளில் கரைக்காரரின் உடைமை பொதுவாகப் படுகையின் நடுக்கோடு வரை இறங்குகிறது. ஓடும் நீர் யாருக்கும் சொந்தமல்ல என்பதும் அதே சட்டம்தான். ஆனாலும் அந்நீர்மேல் துடுப்புப் போடுகிறவன் அத்துமீறியவனாகலாம்.

ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் இன் எ போட்' (1889) சிரிப்பதற்கான புத்தகம் என்று பெயர். தேம்ஸ் நதியில் படகோட்ட எல்லோருக்கும் உரிமையுண்டு. அதன் கிளை நீர்களின் வாயில் சங்கிலி கட்டிய கரைக்காரர்கள்மீது அவருக்கு வரும் கோபம் வேடிக்கையின் அடியில் நிஜமாகவே இருக்கிறது.

அங்கே பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி நடந்த ஒற்றையடிப் பாதை பொதுவழியாகிவிடும். யார்க்ஷயரின் டெர்வென்ட் ஆற்றிலும் பழக்கத்தால் அப்படியொரு உரிமை பிறந்துவிட்டதென்று வாதிட்டார்கள். 1991ல் பிரபுக்கள் சபை மறுத்தது: அந்தச் சட்டம் நிலத்தின் வழிகளுக்கானது, படகோட்டத்துக்கல்ல. தண்ணீரில் தடம் நிற்பதில்லை என்பது கவிதையில் நிலையாமை. தீர்ப்பில் அது இழப்பு.

வெறும் பொழுதுபோக்குதானே என்று இதைத் தள்ள எனக்கு மனமில்லை. ஆற்றிடம் லாபம் எதுவும் கேட்காமல் அதில் போகிறவன் அவன் ஒருவன்தான்.

ஸ்காட்லாந்து 2003ல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் உள்நாட்டு நீர்களையும் சேர்த்தது. பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் போகலாம். யாருடைய பத்திரத்தையும் அது கிழிக்கவில்லை. கடந்துபோகும் உரிமையை அதன்மேல் ஏற்றி வைத்தது. எங்கள் பாஷையில் இதற்கு வில்லங்கம் என்று பெயர்.