யான் செய்த சிக்கனம்

நம் கல்லூரியின் மொட்டைமாடியில் சென்ற ஆண்டு ஒரு சிறு கருவி வைக்கப்பெற்றது. பௌதிக மாணவர் சிலர் முயன்று அமைத்த அக்கருவி, நிமிஷத்துக்கு ஒருமுறை காற்றின் வெப்பத்தை அளந்து, உள்ளங்கையளவான ஒரு கணிப்பொறியிற் குறித்துவைக்கும். அதனை நடத்தும் நிரலைச் 'சி' மொழியில் எழுதித் தருவதாக யான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றதோடு நில்லாமல் அதிற் சிக்கனமும் செய்யத் தலைப்பட்டேன்.

நாளொன்றுக்கு 1,440 அளவுகள், ஆண்டுக்கு 5,25,600. வழக்கமாக ஓர் எண்ணுக்கு 32 பிட்டு, அஃதாவது நான்கு பைட்டு, கொடுப்பர். இம்மொழியில் இப்பொழுது 'ஃப்ளோட்16' என்றோர் எண்வகையும் உண்டு. (பெயருக்கு முன்னே ஓர் அடிக்கோடு இடல் வேண்டும், அதனை மறந்து யான் அரைமணி நேரம் இழந்தேன்.) இதற்கு இரண்டு பைட்டே போதும். ஆண்டுக்கணக்கிற் பார்த்தால் ஒரு மெகாபைட்டு மிச்சம்! அந்த ஒரு மெகாபைட்டைக் கொண்டு யாது செய்யக் கருதினாய் என்று வினவற்க, எனக்கே விளங்கவில்லை.

இவ்வெண்வகை நேற்றுத் தோன்றியதன்று. திரைப்படங்களுக்கு மாயக்காட்சி அமைக்கும் 'இண்டஸ்ட்ரியல் லைட் அண்டு மேஜிக்' நிறுவனத்தார் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓப்பன் இ.எக்ஸ்.ஆர். என்னும் படவடிவில் ஒளியளவுகளை இவ்வாறே பதினாறு பிட்டில் அடக்கினர். 2008இல் ஐ.இ.இ.இ. 754 என்னும் பொது நியமத்திலும் இஃது இடம்பெற்றது. கூட்டலோ கழித்தலோ என்னும் குறிக்கு ஒரு பிட்டு, அடுக்குக்கு ஐந்து, பின்னத்துக்குப் பத்து. மடக்கை வாய்பாட்டைப் புரட்டிப் பழகியவர் இவ்வமைப்பை எளிதில் உணர்வர். 16க்கும் 32க்கும் இடைப்பட்ட எண்களில் ஒன்றின் 64இல் ஒரு பங்கு வேற்றுமையையும் இது காட்டும். எங்கள் வெப்பமானியோ அரை டிகிரி முன்பின்னாகப் பிழைக்கும் இயல்பினது. ஆகவே, அளவைக் குறித்துவைப்பதற்கு இது தாராளமாகப் போதும். இதுவரை என் கருத்திற் பிழையில்லை.

பிழை புகுந்தது அடுத்த வரியில். நாட்சராசரி காண்பதற்கு அளவுகளைக் கூட்டவேண்டுமன்றோ? அக்கூட்டுத்தொகைக்கும் அதே எண்வகையை இட்டுவிட்டேன். நான்கைந்து எண்களைக் கூட்டிச் சோதித்தேன்; விடை சரியாகவே வந்தது. நிரலைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலானேன்.

ஒரு மாதம் கழித்து, கருவியைப் பார்த்துவந்த மாணவி சராசரிகளைக் கொணர்ந்தாள். மழை பெய்த நாளுக்கு 31 டிகிரி. வெயில் கொளுத்திய நாளுக்கு 32. "ஐயா, போர்வை போர்த்தி நடுங்கிய நாளும், விசிறியும் உதவாத நாளும் ஒன்றாக இருக்குமோ?" என்றாள். "கருவியைச் சுவரோரம் வைத்திருப்பாய், சுவரின் சூடு ஏறியிருக்கும். சரியாக வைக்கத் தெரியவில்லையா?" என்று யான் சற்றுக் கடிந்தே கூறினேன். அவள் மறுமொழி கூறாது சென்றாள். கருவியை நடுமாடிக்கு மாற்றி, பாதரச வெப்பமானி ஒன்றை இரவல் பெற்று, மூன்று நாள் உச்சிவெயிலில் மாடியேறி நின்று அளவுகளைக் குறித்துக்கொண்டாள். சராசரியோ மாறவில்லை. நான்காம் நாள், இரண்டு நாட்களையும் சேர்த்தே சராசரி கண்டால் என்னவென்று முயன்றாளாம். கணிப்பொறி 'முடிவிலி' என்று விடை கூறிற்று. மொட்டைமாடியில் முடிவிலா வெப்பம்! அதற்குமேற் சுவரைக் குறைகூற எனக்கு வழியில்லை.

நிகழ்ந்தது இது. பதினாறு பிட்டு எண் 2,048 வரையில் முழு எண்களை ஒன்று விடாமல் எண்ணும். அதன்மேல் இரண்டிரண்டாகவே தாவும். 4,096க்குமேல் நான்கு நான்காக, 8,192க்குமேல் எட்டெட்டாக, 16,384க்குமேல் பதினாறு பதினாறாக, 32,768க்குமேல் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாக. நாழியால் நெல்லளக்கத் தொடங்கியவன், குவியல் உயர உயர, இனிக் குறுணியால்தான் அளப்பேன், இனிக் கலத்தால்தான் அளப்பேன் என்று பிடிவாதம் செய்தாற்போல்வது இது. குவியல் உயர்ந்தபின் 28ஐ இட்டாலும் அது 32 என்றே கொள்ளும். 35ஐ இட்டாலும் 32 என்றே கொள்ளும். நாள் முழுவதும் 28 டிகிரியே நின்றால் கூட்டுத்தொகை 40,320 ஆதல் வேண்டும். இக்கணக்கில் அது 44,896 ஆகி, சராசரி 31க்குச் சற்று மேல் நிற்கும். 35 டிகிரி நின்றால் 50,400க்கு மாறாக 46,944. சராசரி முப்பத்திரண்டரைக்குச் சற்று மேல். இவ்வெண்வகையின் உச்சவரம்பு 65,504. அதனைக் கடந்தாற் கிடைப்பது முடிவிலி. அந்த முடிவிலியாவது கூச்சலிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. 31 என்னும் விடையோ நல்லபிள்ளை போல நின்று என்னை ஒரு மாதம் ஏமாற்றிற்று.

இன்னுமொன்று கூறல் வேண்டும். இண்டெல் வகைச் செயலிகள் பலவற்றிற் பதினாறு பிட்டிலேயே கூட்டும் கட்டளைகள் இல்லை. ஜி.சி.சி. தொகுப்பி அங்கே இடைக்கணக்குகளை 32 பிட்டிற் செய்து, பின்னரே சுருக்கும். ஒவ்வொரு படியிலும் சுருக்குக என்று தனியே கட்டளையிட்டாலன்றி அது கேளாது. எங்கள் சிறு கணிப்பொறியோ பதினாறு பிட்டிலேயே கூட்ட வல்லது. ஆகவே ஒரே நிரல் மேசையில் ஒரு விடையும் மாடியில் மற்றொரு விடையும் தரக்கூடும். மேசையிற் சோதித்துவிட்டு மாடியை நம்பியதும் என் பேதைமையே.

திருத்தம் ஒரே சொல். கூட்டுத்தொகையை 'டபிள்' என்னும் 64 பிட்டு எண்ணாக்கினேன். மழைநாள் 28க்கு இறங்கிற்று, வெயில்நாள் 34க்கு ஏறிற்று. குறித்துவைக்கும் அளவுகளைப் பதினாறு பிட்டிலேயே விட்டேன். அந்த ஒரு மெகாபைட்டு இன்றும் மிச்சமே.

பின்னர் அம்மாணவியின் நோட்டுப்புத்தகத்தை வாங்கி, மூன்று நாட் பாதரச அளவுகளைக் கணிப்பொறி குறித்துவைத்த தனித்தனி அளவுகளோடு ஒத்துப்பார்த்தேன். ஒன்றும் அரை டிகிரிக்குமேல் விலகவில்லை. முதல்நாளே யான் இதனைப் பார்த்திருக்கலாம். சராசரியை மட்டுமே பார்த்தேன். வகுப்பில் எல்லோர் முன்னும் பிழை என்னுடையதென்று கூறினேன். அவள் புத்தகத்தை நீட்டி, "இதையும் எழுதிக் கொடுங்கள், ஐயா" என்றாள். 'கருவி சரியாகவே வைக்கப்பெற்றிருந்தது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.