ஏழுக்கு நான்கு

அயல்நாட்டு விவகாரம் என்பது அமைச்சர்களுக்கும் அறிஞர்களுக்கும் உரியது. ஆலைத் தொழிலாளிக்கும் அவன் மனைவி மக்களுக்கும் அதில் என்ன அலுவல் என்று கேட்பவர் நம்மிடையே பலர் உண்டு. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் பத்திரிகை படிக்கக் கூடிய பெரியவர்களும் அவ்வாறே எண்ணினார்கள். அரிசி விலையைப் பற்றிய செய்தியை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். தில்லியில் இரு நாட்டுப் பிரதமர்கள் கூடிப் பேசினார்கள் என்று வந்தால், "அது கிடக்கட்டும், அடுத்த பக்கத்தைத் திருப்பு" என்பார்கள். அப்படித் திருப்பிவிடப்பட்ட பக்கம் ஒன்று, ஒன்பது ஆண்டுகள் கழித்து எங்கள் வாயிற்படியில் தகரப் பெட்டியுடன் வந்து நின்றது. அதைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

என் பாட்டனார் நாமக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருக்கு ஓர் அண்ணன் உண்டு. மழை பொய்த்த காலம் ஒன்றில் இருவரும் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். அண்ணனைக் கங்காணி ஒருவர் மண்டபம் வழியாக இலங்கைக்கு அழைத்துச் சென்று தேயிலைத் தோட்டத்தில் சேர்த்தார். தம்பி சேலத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து பஞ்சாலையில் சேர்ந்தார். அண்ணன் காதில் சிங்களம் விழுந்தது. தம்பி காதில் கன்னடம் விழுந்தது. ஒருவருக்கு அட்டன் அருகே மலைச்சாரலில் லயத்து அறை. மற்றவருக்கு ஸ்ரீராம்புரத்தில் ஓட்டு வீடு. இருவரும் பிழைக்கப் போனவர்கள். அன்று அவ்விரு நாடுகளும் ஒரே முடியாட்சியின் நிழலில் இருந்தமையால், அண்ணன் அயல்நாடு போகிறான், தம்பி உள்நாட்டில் இருக்கிறான் என்று யாரும் வேறுபாடு கருதவில்லை.

வேறுபாடு பின்னரே வந்தது. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம், இந்தியக் குடிமகன் நாட்டின் எப்பகுதியிலும் வாழலாம் என்று உரிமை அளித்தது. என் பாட்டனார் எந்த மனுவும் எழுதாமலே குடிமகனானார். கடலுக்கு அப்பால் நடந்ததோ வேறு. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்து, தம்மவர் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டத் தமிழர்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் ஒரே வீச்சில் நாடற்றவராயினர். தந்தையோ, பாட்டனும் அவன் தந்தையுமோ இலங்கையில் பிறந்தவர் என்று தஸ்தாவேஜு காட்ட வேண்டுமாம்! லயத்து அறையில் பிறந்தவனுக்கு ஏது தஸ்தாவேஜு? அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பித்தவர்களின் கணக்கில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் அடங்கினர். பிரஜாவுரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. என் பெரிய பாட்டனாரின் மனுவும் தள்ளுபடியாயிற்று. அவர் பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் மற்றொரு தாளில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்ததாம். இரண்டையும் எழுதியவர் அவரல்லர். அவருக்கு எழுதத் தெரியாது.

இலங்கையின் பக்கமும் ஓர் அச்சம் இருந்ததை மறைத்தல் நேர்மையாகாது. கண்டிச் சீமையின் மலைச்சாரல்கள் வெள்ளையர் காலத்தில் தோட்டங்களாக மாறின. அங்கே வந்து குடியேறியவர்களின் வாக்குகள் தம் வாக்குகளை மூழ்கடித்துவிடுமோ என்று சிங்களக் குடியானவர்கள் அஞ்சினார்கள். ஆயினும் அந்த அச்சத்துக்கு விலை கொடுக்க நேர்ந்தவர்கள் தோட்டங்களை அமைத்த துரைமார் அல்லர். கொழுந்து கிள்ளிய கூலிகளே.

பண்டித நேரு வாழ்ந்தவரை, தாமாக விரும்பி இந்தியக் குடியுரிமை ஏற்பவர் தவிர ஏனையோர் இலங்கையின் பொறுப்பே என்பது இந்தியாவின் நிலையாக இருந்தது. 1954ஆம் ஆண்டு நேரு - கொத்தலாவல உடன்பாடும் சிக்கலைத் தீர்க்கவில்லை. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் அண்டை நாடுகளின் நட்பு தில்லிக்கு முன்னிலும் அவசியமாயிற்று. 1964 மே மாதத்தில் நேரு மறைந்தார். ஐந்து மாதங்களில், அக்டோபர் 30ஆம் நாள், லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் தில்லியில் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நாடற்றவர் தொகை 9,75,000 என்று வைத்துக்கொள்ளப்பட்டது. அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டுகளில், ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நான்கு பேருக்கு அங்கே உரிமை என்ற விகிதத்தில் யாவும் நடந்து முடிய வேண்டும்.

ஏழுக்கு நான்கு! படியில் அரிசி அளப்பவனும் முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிய பின்னரே அளப்பான். இங்கே அளக்கப்பட்டவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்பு விண்ணப்பங்கள் வாங்கியபோது, இலங்கையில் இருக்க விரும்பியவர் தொகை ஒதுக்கப்பட்ட மூன்று லட்சத்தை வெகுவாக மிஞ்சியது. இந்தியா வர விரும்பியவர் தொகை ஐந்தேகால் லட்சத்தை எட்டவில்லை. கணக்கு போட்டவர்களின் விருப்பம் ஒன்று. கணக்கில் அடங்கியவர்களின் விருப்பம் வேறொன்று.

1973ஆம் ஆண்டில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் மாறிய ஆண்டு அது. அவள் என் பெரிய பாட்டனாரின் மகள். தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். மாமாவும் இரண்டு பையன்களும் உடன் வந்தார்கள். மூத்த மகள் வரவில்லை. அவள் கணவன் வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமை கோரியிருந்தார்கள். அத்தையும் மாமாவும், ஒருமுறை தள்ளுபடியானதே போதும் என்று இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். தில்லியின் கணக்கு ஏழுக்கு நான்கு. எங்கள் வீட்டுக் கணக்கு நாலுக்கு ஒன்று.

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றி வந்த ரயிலை அங்குள்ளோர் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தார்கள். போகிறவர்களும் நிற்கிறவர்களும் ஜன்னல் வழியே கைகோத்து ஒப்பாரி வைப்பார்களாம். வண்டி நகர்ந்தபோது மகளின் கைவளையல் ஒன்று தன் கையோடு வந்துவிட்டதாக அத்தை சொல்வாள். அதை அவள் கடைசிவரை அணியவும் இல்லை; எங்கும் வைத்து மறக்கவும் இல்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பின்பு மூதாதையரின் சிற்றூர். அங்கே அவர்களை அறிந்தவர் எவரும் இல்லை. நிலமும் கைமாறிப் போயிருந்தது. இறுதியில் ஸ்ரீராம்புரம்.

சர்க்கார் காகிதத்தில் அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். ஒருநாள் அதைப் படித்துக் காட்டினேன். அத்தை கேட்டாள்: "தம்பி, போன எடத்துக்குத்தானே திரும்பி வர முடியும்? நான் இங்கேயிருந்து எப்போ போனேன்?" அப்போது எனக்கு வயது பதினாறு. விடை தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

கொழுந்து கிள்ளுவதன்றி வேறு தொழில் அறியாத அந்த விரல்கள், எங்கள் தெருவில் ஊதுவத்தி உருட்டக் கற்றுக்கொண்டன. மாமா சுமை தூக்கினார். நாங்கள் என்ன செய்தோம்? இதை எழுத வெட்கமாயிருக்கிறது. 'சிலோன்காரி' என்று அவளுக்குப் பெயரிட்டோம். தண்ணீர்க் குழாயடியில், "சிலோன்காரி, உன் முறை பிறகு" என்று சொன்னவர்களுள் என் வீட்டாரும் இருந்தனர். அங்கே இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி. நம்மை அயலார் என்று எவரேனும் சொன்னால் எவ்வளவு கொதிக்கிறோம்! அதே சொல்லை நாமே ஒருத்தியின்மேல் எறிந்தபோது, அது நமக்குக் கேலியாகவே தோன்றிற்று.

1984ஆம் ஆண்டில் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் நின்றது. போர் மூண்டிருந்த காலம். அன்றுவரை, 'என்றாவது ஒருநாள்' என்று மகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிவந்த அத்தை, அதன் பின் அந்தச் சொற்களை எழுதச் சொல்லவில்லை. கடிதம் மட்டும் தொடர்ந்தது.

1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் நிகழ்ந்தபோது, நாங்கள் கதவடைத்து வீட்டுக்குள் இருந்தோம். விளக்கும் ஏற்றவில்லை. அத்தை தன் தகரப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் தந்தையிடம், "அண்ணே, இந்தத் தடவை எத்தனைக்கு எத்தனையாம்?" என்று கேட்டாள். தந்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இது ஊர்ச் சண்டை அம்மா, நாள் கடந்தால் தணியும். நம்மைப் பட்டியல் போட்டு அனுப்ப எவராலும் ஆகாது" என்றார். குடியுரிமை என்றால் என்ன என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருந்தேன். அன்றிரவுதான் விளங்கிக்கொண்டேன். அச்சம் இருவருக்கும் ஒன்றே. எங்கள் அச்சத்துக்கு அடியில் தரை இருந்தது, அவள் அச்சத்துக்கு அடியில் கடல் இருந்தது.

அத்தை 1996ஆம் ஆண்டில் காலமானாள். மகளைக் காணவில்லை.

1974ஆம் ஆண்டைப் பற்றி ஒரு சொல். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. தேர்தல்தோறும் அதைப் பற்றிப் பேசுகிறோம். மீனவர் வாழ்வு அதிலிருப்பதால் பேசவும் வேண்டும். ஆனால் அதே ஆண்டு ஜனவரி மாதத்தில், முன்பு தீர்க்காமல் விட்ட 1,50,000 மக்களை இந்திரா காந்தியும் ஸ்ரீமாவோவும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ஆளற்ற தீவுக்கு இருக்கும் நினைவு, ஆட்களுக்கு இல்லாமற் போனதே!

உடன்படிக்கையின் காலம் 1981ஆம் ஆண்டில் முடிந்தபோதும் கணக்கு முடியவில்லை. 1986லும் 1988லும் இலங்கையில் சட்டங்கள் இயற்றப்பட்டன; இறுதியில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் மக்களுக்கும் குடியுரிமை வழங்கியது. பங்கிட்ட அதே நாளையே உரிமைக்கும் அளவுகோலாகக் கொண்டனர். அரை நூற்றாண்டுக்கு முன் செய்திருக்கக்கூடிய நீதிதான். அதற்குள் எத்தனை கோச்சிகள் புறப்பட்டுப் போய்விட்டன!

2005ஆம் ஆண்டில் அத்தை மகள் விமானத்தில் சென்னை வந்து, ரயிலில் பெங்களூர் சேர்ந்தாள். கையில் இலங்கைக் கடவுச்சீட்டு. அதில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் விசா. தாய் வந்தபோது 'தாயகம் திரும்பியவள்'. மகள் வந்தபோது 'அயல்நாட்டவள்'. தாயின் படத்துக்கு முன் அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி அந்த வளையலை எடுத்துக் கொடுத்தாள். அது அவள் கைக்கு நுழையவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள்.

அன்பர்களே, அந்த உடன்படிக்கையால் வந்தவர்கள் நமக்குத் தொலைவில் இல்லை. நீலகிரியில், அவர்களுக்கென்றே தமிழ்நாட்டு அரசு 1968ஆம் ஆண்டில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களை அறிவீர்கள். நாம் வாழும் இதே கர்நாடகத்தில், தட்சிண கன்னட ஜில்லாவின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளில், ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களும் அவர்களே. நம் சங்கம் ஆண்டுதோறும் சுற்றுலா போகிறது. ஒருமுறை அந்தப் பக்கம் போவோம். அவர்கள் பேசுவதைக் கேட்போம். தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இன்றி வாழும் மலையகத் தமிழர் உண்டு. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி செய்தது. இலங்கை அந்த மூன்றில் இல்லை.

நாடுகளுக்கிடையே ஒப்பந்தங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் இல்லாவிடில் போர்தான் மிஞ்சும். ஆனால் நிலத்தைப் பங்கிடும் முறையில் மனிதரைப் பங்கிடலாகாது. பங்கிடப்படுகிறவனைக் கேளாமல் செய்த நட்பு, இரு தலைவர்களுக்கு இடையே நட்பாயிருக்கலாம். இரு நாட்டு மக்களுக்கு இடையே ஆகாது.

இனி மாலையில் பத்திரிகை படிக்கும்போது, இரு நாட்டுத் தலைவர்கள் கூடிப் பேசினர் என்ற செய்தி வந்தால், அன்பு கூர்ந்து அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அதில் யாருடைய அத்தையோ இருக்கக்கூடும்.