சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடி

எஃப்.ஐ. வண்டியை எப்படி ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று எங்கள் காலனிப் பிள்ளைகள் கேட்டால் நாங்கள் சொல்வது இவ்வளவுதான். ஹேண்டிலில் இருக்கும் சிவப்பு சுவிட்ச் 'ரன்'னில் இருக்கிறதா பார். சாவியைத் திருப்பு. ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடு. சீட்டுக்குக் கீழே 'ஊய்ய்' என்று ஒரு சத்தம் வரும், அது அடங்கட்டும். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்து அணையும். அதன்பிறகு கிளட்சைப் பிடித்து செல்ஃபை அமுக்கு. முறுக்காதே.

கடைசிச் சொல்லை யாரும் கேட்பதில்லை. அப்பன் காலத்துப் பழக்கம் அப்படி. கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்து, ரெண்டு முறுக்கு முறுக்கி, கிக்கரை உதைத்தால்தான் மார்கழி மாதத்தில் வண்டி கிளம்பும். பழைய புல்லட்டாக இருந்தால் அம்மீட்டர் முள் நடுவில் வருகிறதா என்று பார்த்து, டிகம்ப்ரசரை அமுக்கி உதைக்க வேண்டும். தப்பாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். எஃப்.ஐ. வண்டிக்கு இந்த வித்தை எதுவும் தேவையில்லை. டேங்குக்குள் இருக்கும் பம்ப் அந்த இரண்டு மூன்று விநாடியில் பெட்ரோலை ஏறக்குறைய 3 பார் அழுத்தத்துக்கு ஏற்றுகிறது. டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அது அதிகம். எஞ்சின் எவ்வளவு சூடு, வெளிக்காற்று எவ்வளவு குளிர், ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சென்சார்கள் சொல்ல, ஈ.சி.யூ. என்ற சின்னப் பெட்டி எத்தனை பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. நடுவில் நாம் முறுக்கினால் அதன் கணக்கைத்தான் குழப்புகிறோம். வத்தல்மலையில் பனி இறங்கும் காலையிலும் இதே முறைதான். ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம் தானாக ஓடவிட்டு, பிறகு மெதுவாகக் கிளப்பினால் போதும்.

2006ல் ஹீரோ ஹோண்டா கிளாமரில் இந்த நுட்பம் வந்தபோது வாங்கியவர்கள் குறைவு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 கட்டாயமானபிறகு புது வண்டி என்றாலே எஃப்.ஐ. என்றாகிவிட்டது. ஓசூர் கம்பெனிகளுக்கும் பெங்களூருக் கட்டட வேலைக்கும் போகும் எங்கள் பிள்ளைகள் தவணையில் எடுப்பது இந்த வண்டிகளைத்தான். பலவற்றில் கிக்கரே கிடையாது. பேட்டரி செத்தால் வண்டி செத்தது.

இனி பேட்டரி விஷயத்துக்கு வருவோம். மெக்கானிக் சொல்லாத ஒரு காரணம் இதில் இருக்கிறது.

காலனியிலிருந்து தார்ச்சாலைக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டவேண்டிய கிராமங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. தெரு முனையில் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். "எறங்கித் தள்ளிட்டுப் போடா" என்று ஒரு காலத்தில் வாய்விட்டே சொன்னார்கள். இப்போது சில இடங்களில் பார்வை மட்டும் போதும். பிள்ளை சாவியை அணைக்கிறான், இறங்குகிறான், கோயிலைத் தாண்டும்வரை தள்ளுகிறான், அந்தப் பக்கம் போய் மறுபடி செல்ஃப் அடிக்கிறான். பால் கொண்டுபோய் ஊற்ற, ரேஷன் வாங்க, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை? ஒவ்வொரு தடவையும் பம்புக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் பேட்டரிதான் தீனி போட வேண்டும். அரை கிலோமீட்டர் ஓட்டத்தில் அது திரும்ப நிரம்புவதில்லை. இப்படி ஓடும் வண்டியில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடுகிறது. "ஷார்ட் ரன்னிங்" என்று ஷோரூமில் எழுதிக் கொடுப்பார்கள். அந்த ஓட்டம் ஏன் இப்படித் துண்டு துண்டாகிறது என்று எழுத ஜாப் கார்டில் இடம் கிடையாது.

அப்படிப் படுத்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. மீட்டர் விளக்கு மங்கலாகவாவது எரிந்து, பம்ப் சத்தம் கேட்டால் செய்யலாம்: சாவி போட்டு, இரண்டாவது கியரில் கிளட்சைப் பிடித்தபடி தள்ளி, வேகம் வந்ததும் விடு. விளக்கே எரியவில்லை என்றால் தொப்பூர் கணவாயின் உச்சியிலிருந்து உருட்டினாலும் கிளம்பாது. பம்புக்கும் ஈ.சி.யூ.வுக்கும் உயிர் வேண்டுமே!

வண்டியை விட்டு இறங்கச் சொல்வது ஏதோ ஊர் மரியாதை என்று நம் பெரியவர்கள் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். அது குற்றம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3(1)(இசட்ஏ)(பி) பிரிவு பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதைப் பெயர் சொல்லியே குற்றமாக்குகிறது. செருப்புப் போடுவதையும் புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பதும் அதே வரியில் வருகிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. முதல் தகவல் அறிக்கை போடுவதற்கு முன் விசாரித்துப் பார்க்கிறோம் என்று ஸ்டேஷனில் இழுத்தால், 2018ல் சேர்த்த 18ஏ பிரிவைக் காட்டுங்கள். அப்படிப்பட்ட முன்விசாரணை தேவையில்லை என்கிறது அது. எஃப்.ஐ. தெரிந்த பிள்ளைகளுக்கு எஃப்.ஐ.ஆரும் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் சொல்வோம், சிரிப்பார்கள். ஆனால் குறித்துக்கொள்வார்கள்.

நாடாளுமன்றம் சட்டத்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிளை எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், நடப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். இளவரசன், திவ்யா காதல் திருமணம் காரணமாகச் சொல்லப்பட்டது. எரிந்தவை எவை என்று பார்த்தால் இன்னொரு காரணமும் தெரியும். பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்து வாங்கிய டி.வி., பீரோ, பள்ளிச் சான்றிதழ்கள், வாசலில் நின்ற பைக்குகள். அந்த நாட்களில்தான் மருத்துவர் ராமதாஸ் நம் பிள்ளைகளின் ஜீன்ஸையும் கூலிங் கிளாஸையும் மேடைக்கு மேடை குற்றமாகப் பேசிக்கொண்டிருந்தார். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை ஒருவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகவே வெட்டினார்கள் என்றது குடும்பம். ஆக்சிலேட்டர் பிடிக்கும் கை, கிளட்ச் பிடிக்கும் கை.

வண்டியைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகக் கற்றுக்கொள்ள வேண்டுமா, உரிமையைப் பேசினால் போதாதா என்று தோழர் ஒருவர் கேட்டார். அவருக்கு நாங்கள் சாலிஸ்காவ் கதையைச் சொன்னோம். 1929ல் பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராக அந்தப் பக்கம் போன அம்பேத்கரை ஏற்றி ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. அவரை நடக்கவிடுவது மரியாதை இல்லை என்று நம் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்குப் பிடித்து, ஓட்டத் தெரியாத ஒருவரையே ஓட்டச் சொன்னார்கள். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் சிக்கியது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டு கால் முறிந்தார், குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அதை அவரே எழுதியிருக்கிறார். தெரிந்தவன் ஓட்ட மறுத்தான், ஓட்ட வந்தவனுக்குத் தெரியவில்லை. வண்டி நம் கையில் இருந்தால் மட்டும் போதாது, அதன் வேலையும் நம் கைக்கு வர வேண்டும் என்று நாங்கள் நினைப்பது அதனால்தான்.

கார்புரேட்டர் காலத்தில் அந்த வேலை நம் கையில் கொஞ்சம் இருந்தது. சாலையோரப் பட்டறைகளில் எடுபிடியாகச் சேர்ந்த காலனிப் பையன்கள் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, காதால் கேட்டே ஐட்லிங் வைப்பார்கள். எஃப்.ஐ. வந்ததும் அந்த அறிவு ஷோரூமின் ஸ்கேனருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் கதவு முழுதாக மூடிவிடவில்லை. மஞ்சள் விளக்கு அணையாமல் நின்றாலோ விட்டு விட்டு எரிந்தாலோ கோளாறு என்று அர்த்தம். சில வண்டிகளில் அந்தச் சிமிட்டலையே எண்ணிப் படிக்கலாம்: நீளமான சிமிட்டல் பத்து, குட்டையான சிமிட்டல் ஒன்று. கூட்டி வரும் எண்ணை அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் தேடினால் எந்தச் சென்சார் என்று தெரிந்துவிடும். ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மிச்சமிருப்பவற்றையும் சொல்லிவிடுகிறோம். சைடு ஸ்டாண்டு போட்டபடி கியரில் இருந்தால் பல புது வண்டிகள் கிளம்பாது. பழுது என்று பயந்து காசு கொடுத்துவிடாதீர்கள். டேங்கை ரிசர்வ் வரை காயவிடாதீர்கள், உள்ளே இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் சூடேறாமல் இருக்கும். பெட்டிக்கடை பாட்டில் பெட்ரோலைக் கூடுமானவரை தவிருங்கள், அதிலிருக்கும் தூசி இன்ஜெக்டரின் ஊசித்துளையை அடைக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது தண்ணீரை இழுக்கும். ஐப்பசி மழையில் வண்டியை நிறுத்தினால் டேங்க் மூடியின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையாவது போட்டு வையுங்கள்.

யாராவது இறங்கச் சொன்னால், நாள், நேரம், எந்தத் தெரு, யார் சொன்னது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.