பழைய கருவியும் புதிய பேட்டரியும்: ஒரு கும்மிடிப்பூண்டிப் பயணம்

சென்னை சென்ட்ரலை ஒட்டியுள்ள மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்துதான் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் மின்ரயில்கள் புறப்படுகின்றன. 1985ஆம் ஆண்டு தீக்கிரையாகும் வரை அந்த இடத்தில் இருந்த மூர் மார்க்கெட்டை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய நூல்கள், பழைய கடிகாரங்கள், பழைய கருவிகள் என ஒருவர் கழித்துவிட்ட பொருள் இன்னொருவரின் கையில் மீண்டும் பயன்பட்ட சந்தை அது. இன்று சந்தை இல்லை, இருப்புப்பாதைதான் இருக்கிறது. ஆயினும் அப்பாதையின் மறுமுனையில் நான் கண்டதும் கேட்டதும் பழைய பொருளின் மறுவாழ்வைப் பற்றியதாகவே அமைந்தன.

வண்டி வடக்கே செல்லச் செல்ல நகரம் தொழிற்சாலையாக உருமாறுகிறது. திருவொற்றியூரும் எண்ணூரும் கடந்தால் அத்திப்பட்டு; வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கண்ணில் படுகின்றன. மீஞ்சூரை அடுத்து வயல்கள் தலைகாட்டுகின்றன. பொன்னேரியில் இறங்குவோரில் சிலர் பழவேற்காட்டுக்குச் செல்பவர்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய அந்தக் கடற்கரை ஊரின் பெயரைத் தாங்கிய துணிகள் ஒரு காலத்தில் கடல் கடந்து விற்பனையாயின. கைத்தொழிலால் பெயர் பெற்ற மண் இது. கவரைப்பேட்டையைத் தாண்டியதும் கும்மிடிப்பூண்டி. அதற்கு வடக்கே ஆரம்பாக்கம்; அதையும் கடந்தால் ஆந்திர எல்லை.

1971இல் தமிழக அரசு தொடங்கிய சிப்காட் நிறுவனத்தின் தொழில் வளாகங்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில் உள்ளது. 1997ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி புதிய திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்தது. இரும்பை உருக்கும் ஆலைகளும் உதிரிபாகப் பட்டறைகளும் நிறைந்த இவ்விடத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்களின் பேச்சொலியைத் தேநீர்க் கடைதோறும் கேட்கலாம்.

ஒரு மாணவரின் கேள்வி

எங்கள் மத்ரஸாவில் ஓதிய இளைஞர் ஒருவர் இங்கே அலுமினிய ஜன்னல் பொருத்துதல், கூரைத் தகடு அடித்தல் ஆகிய வேலைகளைச் செய்து வருகிறார். புதிதாக எழும் கொட்டகைகளில் மின் இணைப்பு வரும் முன்பே கூரை வேலை முடிந்தாக வேண்டும். ஏணியின் உச்சியில் நீண்ட கம்பியை இழுத்துக்கொண்டு வேலை செய்வதும் ஆபத்து. ஆகவே பேட்டரியில் ஓடும் டிரில்லும் திருகாணி முடுக்கியும் இவர் போன்றோருக்கு இரு கைகளைப் போன்றவை. வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய மாமா கொண்டுவந்த 18 வோல்ட் கருவிகள் இரண்டைத்தான் இவர் பயன்படுத்தி வந்தார்.

"ஹஜ்ரத், மோட்டார் இன்றும் புதிது போல ஓடுகிறது. பேட்டரிதான் செத்துவிட்டது. அந்த மாதிரி பேட்டரி இப்போது கடையில் கிடைப்பதில்லை. புது செட் வாங்கக் கடன் தருகிறார்கள். மாதா மாதம் வட்டி சேரும். வேலை நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. நான் என்ன செய்வது?" என்று அவர் கேட்டார்.

விலையை ஒன்றாக முடிவு செய்து அதைத் தவணைகளில் செலுத்துவது வேறு. கடன் தொகைக்கு வட்டி கூடிக்கொண்டே போவது வேறு. பின்னதை மார்க்கம் தடுத்துள்ளது என்பதை அவரும் அறிவார். அவருக்குத் தேவைப்பட்டது தீர்ப்பன்று, வழி. பழைய கருவியின் அடியில் பொருந்தி, புதிய வகைப் பேட்டரியைத் தாங்கிக்கொள்ளும் 'அடாப்டர்' என்னும் சிறு பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றி அவர் கேள்விப்பட்டு ஒன்றை வாங்கியும் இருந்தார். புதிய லித்தியம் பேட்டரி ஒன்றையும் கடனில்லாமல் வாங்கிப் பொருத்தினார். கருவி முன்னிலும் வேகமாக ஓடியது. ஆனால் சில வாரங்களிலேயே அந்தப் பேட்டரி சார்ஜ் ஏற மறுத்துவிட்டது. சிக்கனம் என்று எண்ணிச் செய்தது நட்டமாக முடிந்தது ஏன்? அதை அறியத் திருவள்ளூருக்கு அருகே காக்களூர் தொழிற்பேட்டைப் பக்கம் கருவி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் செல்வதென முடிவாயிற்று.

பேட்டரி மாறிய வரலாறு

கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் வெவ்வேறு இருப்புப்பாதைகளில் உள்ளன. ஆகவே பெரியபாளையம் வழியாகச் சாலையில் சென்றோம். அந்நேரத்தில் இக்கருவிகளின் வரலாற்றை எண்ணிப் பார்த்தேன்.

கம்பியில்லாத முதல் மின்துளைப்பானை அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1961இல் வெளியிட்டது. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் சந்திரனின் தரையைத் துளைத்ததும் பேட்டரியில் இயங்கிய துளைப்பான்தான். பல்லாண்டுகள் இக்கருவிகள் நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடின. 1991இல் லித்தியம்-அயன் பேட்டரி விற்பனைக்கு வந்தது. அதன் அடிப்படையைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 2005 வாக்கில் அது தச்சர், பிட்டர் கைகளில் உள்ள கருவிகளுக்கும் வந்து சேர்ந்தது. எடை குறைவு, ஆற்றல் அதிகம். ஆகவே நிறுவனங்கள் பேட்டரி பொருந்தும் வாயின் அமைப்பையே மாற்றிவிட்டன. இவ்வாறுதான் பழுதில்லாத மோட்டார்களைக் கொண்ட எத்தனையோ கருவிகள் பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போயின.

முதியவர் சொன்ன பாடம்

அந்த மெக்கானிக் கருவியைக் கையில் வாங்கிச் சுழலவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். "மோட்டார் தங்கம் ஐயா, இதைத் தூக்கிப் போடக்கூடாது" என்றார். பிறகு அவர் விளக்கியதை வாசகர்களின் பயன் கருதி இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நிக்கல்-காட்மியம் செல் ஒன்று 1.2 வோல்ட். பதினைந்து செல்கள் சேர்ந்தால் 18 வோல்ட். லித்தியம் செல் ஒன்று சராசரியாக 3.6 வோல்ட். ஐந்து செல்கள் சேர்ந்தால் அதே 18 வோல்ட். முழுதும் சார்ஜ் ஏறிய நிலையில் லித்தியம் செல் 4.2 வோல்ட்டைத் தொடும். அப்போது ஐந்துக்கும் சேர்த்து 21 வோல்ட். சில பேட்டரிகளின் மேல் '20 வோல்ட்' என்று அச்சிட்டிருப்பது இந்தத் தொடக்க அளவைக் கொண்டுதான். சராசரி அளவு 18தான். ஆகவே 18 வோல்ட் பழைய கருவியில் இதைப் பொருத்துவது இயல்பானதே. டிவால்ட் போன்ற நிறுவனம் தன் பழைய 18 வோல்ட் கருவிகளுக்கென்று இத்தகைய அடாப்டரைத் தானே தயாரித்து விற்றிருக்கிறது.

அப்படியானால் மாணவரின் பேட்டரி பாழானது எதனால்? பழைய பேட்டரி கற்றுக்கொடுத்த பழக்கத்தால். நிக்கல்-காட்மியத்தை அடிக்கடி பாதியில் சார்ஜ் போட்டால் அதன் கொள்ளளவு குறையும் என்று தொழிலாளர்கள் நம்பினர். எனவே கருவி முனகி நிற்கும் வரை ஓட்டிவிட்டுத்தான் சார்ஜ் போடுவது வழக்கமாயிற்று. லித்தியத்திற்கோ அதுவே நஞ்சு. செல் ஒன்று ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே கெடுகிறது. அதன்பின் சார்ஜர் அதை ஏற்க மறுக்கும். வலுக்கட்டாயமாக ஏற்றினால் தீப்பிடிக்கவும் கூடும்.

புதிய கருவிகளில் இந்த எல்லையை அடைந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் காவல் சுற்று இருக்கும். சில தயாரிப்புகளில் அது பேட்டரிக்குள் இருக்கும். வேறு சிலவற்றில் கருவிக்குள் இருக்கும். பழைய கருவிக்கோ லித்தியம் என்றால் என்னவென்றே தெரியாது. மலிவான அடாப்டரோ இரண்டு கம்பிகளை மட்டும் இணைத்துவிட்டு மற்ற முனைகளை வெறுமனே விட்டுவிடுகிறது. காவலாளி இல்லாத வீடாகிவிடுகிறது அது.

அவர் சொன்ன விதிகள் இவை. அடாப்டர் வாங்கும்போது, குறைந்த வோல்ட்டில் தானாக நிறுத்தும் சுற்று உள்ளதா என்று கேட்க வேண்டும். இல்லையெனில் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றை இணைத்துக்கொண்டு, கருவியை நிறுத்திய நிலையில் 15 வோல்ட் காட்டும்போதே பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கருவி தளர்கிறது என்று தெரிந்தால் மேலும் அழுத்தக்கூடாது. வேலை முடிந்ததும் அடாப்டரிலிருந்து பேட்டரியைப் பிரித்து வைக்க வேண்டும். சில அடாப்டர்கள் சும்மா இருக்கும்போதும் மின்சாரத்தை உறிஞ்சும். லித்தியம் பேட்டரியை அதற்குரிய சார்ஜரில்தான் போட வேண்டும். பழைய நிக்கல் சார்ஜரில் போடுவது நெருப்போடு விளையாடுவதாகும். டிரில்லுக்கும் திருகாணி முடுக்கிக்கும் அடாப்டர் போதும். கிரைண்டர், வட்ட ரம்பம் போன்று மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும் கருவிகளில் மெல்லிய கம்பிகள் சூடாகி உருகும். 12 வோல்ட் பழைய கருவியில் 18 வோல்ட் பேட்டரியை நேராக மாட்டவே கூடாது. அத்தகைய கருவிக்கு, தெரிந்தவரைக் கொண்டு பழைய பெட்டிக்குள் பொருத்தமான செல்களைப் புதிதாக அடுக்கிக்கொள்வதே நல்லது.

வணிகரின் பொறுப்பு

அந்த அடாப்டரை விற்ற கடைக்காரர் இவற்றில் ஒன்றையும் மாணவரிடம் சொல்லவில்லை. மதீனாவின் கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கை நுழைத்துப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்த செய்தியை நாம் அறிவோம். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காதது ஏன் என்று அவர்கள் வினவினார்கள். காவல் சுற்று இல்லாத அடாப்டரை இல்லையென்று சொல்லாமல் விற்பதும், பழைய செல்களை அடைத்துப் புதிய ஒட்டுத்தாள் ஒட்டிய பேட்டரியை விற்பதும் அந்த ஈரத் தானியத்தைப் போன்றவையே. கருவி வணிகத்தில் உள்ள நம் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். குறையைச் சொல்லி விற்றால் இலாபம் சிறிது குறையலாம், பரகத் குறையாது.

செத்த பேட்டரி எங்கே போக வேண்டும்?

இன்னொன்றையும் முதியவர் வலியுறுத்தினார். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளைக் குப்பையிலோ குளக்கரையிலோ எறியக்கூடாது. காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும் நச்சு உலோகம். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்கள் சுரங்கக் கழிவிலிருந்து வந்த காட்மியத்தால் எலும்பு நொறுங்கி வேதனைப்பட்டதை 1968இல் அந்நாட்டு அரசே ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய நாடுகளில் கம்பியில்லாக் கருவிகளுக்கு இவ்வகைப் பேட்டரி விற்பது 2016ஆம் ஆண்டின் இறுதியோடு தடை செய்யப்பட்டது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் கடமையை உற்பத்தியாளர்கள் மேல் சுமத்தியுள்ளன. வீட்டில் உள்ளவற்றைச் சேர்த்து வைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமோ நிறுவனத்தின் சேவை மையத்திலோ ஒப்படைப்பதே முறை.

தம் காலணியைத் தாமே தைத்து, தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்ட பெருமானாரின் உம்மத்தினர் நாம். பழுதுபார்ப்பது நமக்கு வறுமையின் அடையாளம் அன்று, நன்றியின் அடையாளம். ஆயினும் அறிவில்லாத சிக்கனம், விரயத்தைவிட அதிகச் செலவு வைக்கும். மாணவர் இப்போது காவல் சுற்றுள்ள அடாப்டர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். வட்டிக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை. மாதந்தோறும் சிறு தொகையை ஒதுக்கி வருகிறார். இன்ஷா அல்லாஹ், புதிய கருவியை ரொக்கத்தில் வாங்கும் நாள் வரும் வரை மாமாவின் பழைய கருவி அவர் குடும்பத்திற்குச் சோறு போடும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் வளைகுடாவிலிருந்து வந்த அத்தகைய கருவி ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். பழைய இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் அதன் மோட்டாரை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். உங்களுக்குத் தேவையில்லையெனில், தொழில் தொடங்க வழியின்றி நிற்கும் ஓர் இளைஞரின் கையில் அதைக் கொடுங்கள். கூடவே இந்த விதிகளையும் சொல்லிக் கொடுங்கள்.