நான்கு வரியில் சொல்லிவிடு, அம்மிணி

சிங்கப்பூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் மதிப்பெண் பட்டியலின் படமும் விண்ணப்ப வரைவும் வந்தன. பி.காம்., 52 சதவீதம். மூன்றாம் செமஸ்டரில் இரண்டு அரியர், நான்காவதில் ஒன்று. கூடவே ஒரே ஒரு வரி: "இதை வெச்சுக்கிட்டு எம்.பி.ஏ.வுக்கு அப்ளை பண்ணலாமா மாமா?" போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். பல்லடம் பக்கம் மதிப்பெண் பட்டியலை பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். ஐ.ஐ.எம்.களில் சேர்வதற்கான கேட் தேர்வு எழுதவே பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45. நீ அதைத் தாண்டிவிட்டாய். ஆனால் அகமதாபாத் ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் கூட்டிப் பார்த்துத்தான் நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். அங்கே இந்த 52 உன்னைக் கீழே இழுக்கும். வெளிநாட்டில் பெரும்பாலான மேலாண்மைப் பள்ளிகள் விண்ணப்பத்தை முழுதாகப் படித்துத்தான் முடிவெடுக்கின்றன. அவர்களுக்கு இருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: இந்தப் பிள்ளை வகுப்பில் தாக்குப்பிடிக்குமா?

எனக்கும் இதே நிலை இருந்தது. கோயமுத்தூரில் இரண்டாம் வருஷம் இன்ஜினியரிங் படிக்கும்போது எங்கள் தறிக்குடோனில் தறி ஓட்டியவர் நின்றுவிட்டார். எட்டுத் தறி. ராத்திரி ஷிப்டை நான் எடுத்துக்கொண்டேன். நூல் சுற்றிய தார் தீரத்தீர நாடாவில் மாற்றிப் போட்டு, விடிந்ததும் குளித்துவிட்டு பஸ் ஏறுவேன். வகுப்பில் உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். அந்த வருஷம் ஐந்து அரியர்.

இங்கே வேலைக்கு வந்து சில ஆண்டுகள் கழித்து மாலை நேர எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பித்தேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுதலாம் என்று படிவத்தின் கடைசியில் இடம் விட்டிருந்தார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். மின்வெட்டு, கூலிப் பிரச்சினை, பஸ், பாடம் நடத்தியவர் என்று எல்லாரையும் குற்றம் சொல்லியிருந்தேன். மறுநாள் படித்தபோது எனக்கே பிடிக்கவில்லை. கிழித்துவிட்டு நான்கு வரி எழுதினேன். என்ன நடந்தது, அதில் என் தவறு எது, அரியரை எப்போது முடித்தேன், அதற்குப் பிறகு என்ன படித்தேன். என் தவறு, சிரமத்தை வீட்டிலும் கல்லூரியிலும் சொல்லாமல் மறைத்தது. நேர்காணல் எடுத்த அம்மையார் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு தறி ஒரு நாள் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டார். எனக்கு அது மனப்பாடம்.

பழைய மதிப்பெண்ணை மாற்ற முடியாது. அதன் பக்கத்தில் புதியதை வைக்கலாம். மேலாண்மைப் பள்ளிகள் கேட்கும் ஜிமேட் தேர்வை எழுது. 2023 நவம்பரில் வந்த புதிய முறையில் கணக்கு, மொழி, தரவு அலசல் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய முறையில் எழுதியவர்கள் சொல்லும் எண்ணோடு உன்னுடையதை ஒப்பிட்டுப் பயப்படாதே, இரண்டும் வேறு அளவுகோல். சரியாக வராவிட்டால் 16 நாள் கழித்து மறுபடி எழுதலாம். வாங்கிய மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். என்.பி.டி.இ.எல். இணைய வகுப்பில் புள்ளியியல், நிதி மேலாண்மை இரண்டையும் எடுத்துக்கொள். பாடம் இலவசம், நேரில் போய் எழுதும் தேர்வுக்குச் சிறு கட்டணம். மூன்றாம் செமஸ்டரில் தவறியதில் கணக்குப் பாடமும் உண்டுதானே? அதற்கு நேரான பதில் இது.

அடுத்தது, நீ எழுதாமல் விட்டிருக்கும் விஷயம். வரைவில் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மூன்று வருஷ மெர்ச்சண்டைசர் வேலையைப் போட்டிருக்கிறாய். சரி. நம் கோழிப்பண்ணை எங்கே? அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த இரண்டு செமஸ்டரும் பண்ணையைப் பார்த்தது நீதானே! குஞ்சு, தீவனம், மருந்து கோழிக் கம்பெனியுடையது. ஷெட்டு, கரண்டு, ஆள் கூலி நம்முடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. ஐயாயிரம் குஞ்சு இறக்கிய நாள் முதல் எத்தனை செத்தது, எத்தனை மூட்டை போட்டது என்று தினமும் நீ எழுதிய நோட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் என்ற எஃப்.சி.ஆர். கணக்கு 1.7-லிருந்து 1.6-க்கு வந்த பேட்சைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாய். இரண்டு கிலோ கோழி ஐயாயிரம் என்றால் பத்தாயிரம் கிலோ உயிர் எடை. அதில் மிச்சமானது ஆயிரம் கிலோ தீவனம், இருபது மூட்டை. பத்தொன்பது வயதில் செய்த நிர்வாகம் இது. வீட்டு வேலைதானே என்று ஒதுக்கிவிடாதே.

பரிந்துரைக் கடிதம் பெரிய மனிதரிடம் வாங்க வேண்டாம். உன் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த மேலாளர் எழுதட்டும். 52-ஐ வேறு அளவுகோலுக்கு மாற்றித் தருகிறேன், கட்டுரையை நானே எழுதித் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதே. பல பள்ளிகள் மதிப்பெண் பட்டியலில் இருப்பதை அப்படியே எழுதத்தான் சொல்கின்றன. மதிப்பெண்ணைப் பார்க்காமல் சேர்த்துக்கொள்கிறோம், பணம் மட்டும் கட்டுங்கள் என்று சொல்லும் இடம் எதுவாக இருந்தாலும், அப்பா தோட்டத்தை அடமானம் வைக்கும் அளவுக்கு அது பெறாது.

உனக்கு இடம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. விண்ணப்பிக்கும் தகுதி உனக்கு இருக்கிறது. அந்த நோட்டைத் தேடி எடு. நான்கு வரியை எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. யாரையாவது குற்றம் சொல்லும் வரி இருந்தால் அதை அடித்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
மாமா