ஒரு வெட்டு, எட்டு ஓட்டை

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் கடைசல் பட்டறைகளும் அச்சகங்களும் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெரு. அங்கே ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், கெட்டுப்போன பேக்கப் டேப்புகளிலிருந்து தரவை மீட்டுத் தருகிறார்கள். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. வருகிற வாடிக்கையாளர்களுக்கும் அதுதான் வசதி. கணக்கும் பதிவேடும் கைவிட்டுப் போயின என்று எந்த நிறுவனம் வெளியே சொல்லும்? அதனாலேயே அவற்றை மீட்டவர்களின் கைத்திறமையும் வெளியே தெரியாமல் போகிறது. யார் பெயரையும் எழுத மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள்.

நான் போனபோது மேசைமேல் ஒரு பஞ்சாலையின் டேப் இருந்தது. ஆலையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. தொழிலாளர்களின் பணிக்கொடை வழக்கு மட்டும் முடியவில்லை. யார் எத்தனை நாள் வேலை பார்த்தார், என்ன கூலி வாங்கினார் என்ற விவரமெல்லாம் ஆலையின் கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. மிஞ்சியது பீரோவில் கிடந்த ஒரேயொரு கார்ட்ரிட்ஜ். எல்டிஓ என்ற பேக்கப் டேப் வகையின் நான்காம் தலைமுறை, எல்டிஓ-4. எங்கிருந்தோ பழைய டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் செருகியிருக்கிறார்கள். டேப் உள்ளே சுற்றிக்கொண்டு கசங்கி அறுந்துவிட்டது.

"அறுந்தது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல சார். அறுந்த பொறவு நோண்டாம, டிரைவோட கழத்தி அப்படியே அனுப்பினாவ பாத்துக்கிடுங்க, அதுதான் பெரிசு" என்றார் அண்ணாச்சி. எண்பதுகளில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் ரீல் மாற்றும் ஆபரேட்டராகத் தொழிலுக்கு வந்த திருநெல்வேலிக்காரர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

அங்கிருந்த நாட்களில் இதே பேச்சை வெவ்வேறு வாயிலிருந்து கேட்டேன். டேப்பைக் கெடுப்பது பெரும்பாலும் முதல் விபத்து இல்லை. அதற்குப் பிறகு பதற்றத்தில் செய்கிற காரியங்கள்தான். படிக்கவில்லையா, மறுபடி செருகு. அதிலும் வரவில்லையா, வேறு டிரைவில் போடு. ஒவ்வொரு முறையும் மடிந்த விளிம்பு இன்னும் கொஞ்சம் மடிகிறது, உதிர்ந்த காந்தப் பூச்சு டேப்பைப் படித்து எழுதும் ஹெட்டில் ஒட்டி அடுத்த பகுதியைக் கீறுகிறது. கை வைக்காமல் இருக்கத் தெரிவதே இந்தத் தொழிலின் பாதி என்று நான் அங்கேதான் புரிந்துகொண்டேன்.

அறுந்த டேப்பைக் கையாண்டவர் ஓர் இளம்பெண். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துவிட்டு வந்தவர். தூசி வடிகட்டிய காற்று சீராக வீசும் மேசை, நைட்ரைல் கையுறை, மேலே பூதக்கண்ணாடி விளக்கு. கார்ட்ரிட்ஜின் அடியில் இருக்கும் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரே சக்கரம்தான். அந்தக் கால ஆடியோ கேசட்டில் இருந்ததுபோல் இரண்டு சக்கரம் இதில் இல்லை. இன்னொன்று டிரைவுக்குள் இருக்கிறது. டேப்பின் முனையில் லீடர் பின் என்ற சிறு உலோகக் குச்சி இருக்கும். டிரைவ் அதைக் கவ்வி இழுத்துத் தன் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

அரை அங்குல அகலம், 820 மீட்டர் நீளம், 6.6 மைக்ரான் தடிமன். அதில் 896 தடங்கள். ஹெட் ஒரு நடைக்கு 16 தடங்களை எழுதும். ஏர் பூட்டிய மாடு வயலின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி அடுத்த சாலில் வருவதுபோல, கடைசி வரை போய்த் திரும்பி அடுத்த 16 தடங்களை எழுதிக்கொண்டு வரும். டேப் முழுக்க நிரம்ப 56 நடை ஆகும். அப்படியானால் ஓரிடத்தில் விழும் வெட்டு ஒரு கோப்பை மட்டும் பாதிப்பதில்லை. அந்த இடத்தைத் தாண்டிப் போன ஒவ்வொரு நடையிலும் ஒரு துண்டு போய்விடும்.

ஆலையின் தரவு டேப்பில் ஏழில் ஒரு பங்கைத்தான் நிரப்பியிருந்தது. அதாவது எட்டு நடை. கசங்கிப்போன பகுதி 40 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு நடையில் மீட்டருக்குச் சுமார் 17 மெகாபைட் என்று கணக்கு வைத்தால், சுமார் 7 மெகாபைட் அளவில் எட்டு ஓட்டை. அதில் எது கூலிப் பதிவேட்டின் மேல் விழுந்ததோ, அதில் யாருடைய பெயர் இருந்ததோ.

அந்தப் பெண் கசங்கிய பகுதியைக் கண்ணாடித் தகட்டில் கிடத்தி, பஞ்சில்லாத துணியால் ஒரே திசையில் நீவிக்கொண்டே போனார். எதிர்த்திசையில் துணி போகவே இல்லை. சில அங்குலம் தேறியது. நடுவில் விசிறி மடிப்புபோல் மடிந்திருந்த பகுதி தேறவில்லை. அதை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். நுண்ணோக்கியில் பார்த்து, தள்ளி, மறுபடி பார்த்து. "இங்க ஒரு மில்லி அதிகமா வெட்டினா எட்டு இடத்துல ஒரு மில்லி போகும் சார்" என்றார், கண்ணை எடுக்காமல். பிறகு பிளேடால் சாய்வாக ஒரே வெட்டு. அதே தயாரிப்பில் புதுக் கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் பலி கொடுத்து, அதன் லீடர் பகுதியை எடுத்து ஒட்டினார். ஒட்டு டேப்பின் முதுகுப் பக்கத்தில். காந்தப் பூச்சுள்ள பக்கம்தான் ஹெட்டைத் தொடும், அங்கே பசை வரக் கூடாது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. எல்டிஓ டேப்பில் தொழிற்சாலையிலேயே எழுதிவிடும் ஐந்து சர்வோ பட்டைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. ஹெட் தடம் மாறாமல் போவது இவற்றைப் பார்த்துத்தான். டேப்பில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற குறிப்பும் இவற்றில் உண்டு. (பெரிய காந்தத்தால் மொத்தமாக அழித்த எல்டிஓ டேப்பை மறுபடி பயன்படுத்த முடியாமல் போவது இதனால்தான், சர்வோவைத் திரும்ப எழுத டிரைவால் முடியாது.) வெட்டி ஒட்டிய டேப்பில் இடக்குறிப்பு திடீரென்று தாவும். சாதாரண டிரைவ் மிரண்டுபோய் எரர் காட்டி டேப்பை வெளியே தள்ளிவிடும். அங்கேதான் அந்தப் பட்டறையின் மூன்றாவது ஆள் வருகிறார். டிரைவின் உள்ளே ஓடும் ஃபர்ம்வேரைப் பல வருடமாகப் பிரித்துப் படித்தவர். "எரர் வந்தா நிக்கணும்னுதான் டிரைவுக்குச் சொல்லியிருக்கு. வந்தா வரட்டும், நீ போயிட்டே இருன்னு நாங்க மாத்திச் சொல்றோம்" என்றார்.

டேப்பை ஓடவிட்டது ஒருமுறைதான். படிக்க முடிந்ததையெல்லாம் வரிசை குலையாமல் ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் எல்லா ஆராய்ச்சியும் அந்தப் பிரதியின் மேல்தான். டேப் உறைக்குள் போய்விட்டது. சிறு கீறல்களை டேப்பில் கூடவே எழுதியிருக்கும் பிழைதிருத்தக் குறிகள் சரிசெய்துவிடும். 40 சென்டிமீட்டருக்கு அவை போதாது.

எட்டு ஓட்டைகளில் பல, ஸ்கேன் செய்த கடிதங்கள் மேலும் எதற்கும் உதவாத சிஸ்டம் கோப்புகள் மேலும் விழுந்திருந்தன. ஒன்று மட்டும் கூலித் தரவுத்தளத்தின் நடுவே. ஆனால் அந்த ஆலையில் பேக்கப் எடுத்தவர் யாரோ நல்ல மனிதர். வாராவாரம் முழுப் பிரதியை அதே டேப்பில் அடுத்தடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார். மூன்று வாரப் பிரதிகள் இருந்தன. கடைசி வாரத்தில் அறுபட்ட பக்கங்களை முந்தைய வாரப் பிரதியிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். திரையில் டோக்கன் எண்களும் பெயர்களும் ஊதியமும் வரிவரியாக நிறைந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் இருபது வருடம் நின்ற ஒரு பெண்ணின் பணிக்காலம் அந்த வரிகளில் எங்கோ இருந்தது.

வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் ஈக்காட்டுத்தாங்கலை விட்டு வர முடியாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைமீறியபோது இந்தப் பகுதித் தொழிற்கூடங்களில் நீர் புகுந்தது. அப்போது தரைத்தளத்தில் இருந்த பட்டறை, அதற்குப் பிறகுதான் மாடி ஏறியது. வெள்ளம் வடிந்த கையோடு டேப்புகள் வரத் தொடங்கியிருக்கின்றன. மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தவை ஒரு வகை. ஹேர் டிரையர் போட்டவை இன்னொரு வகை. இரண்டிலும் வண்டல் இறுகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பிரித்தால் பூச்சு பிய்ந்துகொண்டு வந்தது.

"ஒரு கம்பெனி வாட்ச்மேன் பிளாஸ்டிக் வாளியில தண்ணி ஊத்தி அதுல டேப்பைப் போட்டுத் தூக்கிட்டு வந்தாரு. நனைஞ்சது நனைஞ்சபடியே இருக்கட்டும்னு அவருக்கு யாரு சொன்னாவளோ தெரியல. அவரு கொண்டுவந்தது எல்லாமே தேறிச்சு" என்றார் அண்ணாச்சி. காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, டேப்பை மெல்லப் பிரித்து, குளிர்ந்த உலர்ந்த அறையில் காற்றில் ஆறவிட்டு, துணிமேல் ஓட்டித் துடைத்து, புதுக் கார்ட்ரிட்ஜுக்குள் சுற்றியிருக்கிறார்கள். சூடு காட்டவே இல்லை.

சூடு காட்ட வேண்டிய டேப்பும் உண்டு. அது அண்ணாச்சியின் தனி ராஜ்யம். பூமிக்குள் அதிர்வலை செலுத்தி எண்ணெய் தேடிய பழைய ஆய்வுகளின் ஒன்பது தட ரீல்கள் அவரிடம் வருகின்றன. பாறை இடம் மாறுவதில்லை என்பதால் பழைய ஆய்வுத் தரவுக்கு இன்றும் மதிப்பு உண்டு. அதே ஆய்வை மறுபடி செய்யப் பெரும் பணம் ஆகும். பழைய டேப்புகள் சிலவற்றில் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊரில் இது சீக்கிரமே நடக்கும். ஓட்டினால் கிறீச்சிடும், ஹெட்டில் பழுப்பு நிறத்தில் அப்பும். அவற்றை 50 முதல் 55 டிகிரி வெப்பத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வைத்து எடுத்தால் பிசின் சில வாரங்களுக்கு இறுகும். அதற்குள் படித்துவிட வேண்டும். அடித்தளம் அசிடேட்டாக இருந்தால் சூடு காட்டவே கூடாது. பாலியஸ்டரா அசிடேட்டா என்று, ரீலை விளக்குக்கு நேரே தூக்கி விளிம்பு வழியாக வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்த்தே சொல்லிவிடுகிறார்.

எனக்காகக் கழிவு ரீல் துண்டு ஒன்றின் மேல் நுண்ணிய இரும்புத்தூள் கலந்த திரவத்தைத் தடவினார். அது காய்ந்ததும் ஒன்பது வரிசைகளில் குட்டிக் குட்டிக் கோடுகள் தெரிந்தன. எட்டு வரிசை எழுத்துக்கு, ஒன்பதாவது சரிபார்க்க. 1964இல் ஐபிஎம் சிஸ்டம்/360 கொண்டுவந்த ஏற்பாடு. தரவைக் கண்ணால் பார்க்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

எல்லாம் மீளும் என்று அவர்கள் சொல்வதில்லை. எல்டிஓ-4 முதல் டிரைவே தரவைப் பூட்டி எழுதும் வசதி வந்துவிட்டது. சாவி தொலைந்திருந்தால் டேப் புத்தம் புதிதாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி வரும் வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிப் பணம் வாங்காமல் அனுப்புகிறார்கள்.

கொலம்பியா விண்ணோடத்தின் கதையை மூவருமே சொன்னார்கள். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேருடன் அது வானில் சிதறியது. அந்த ஓடத்தில் மட்டும் ஆய்வுக்காகப் பொருத்தியிருந்த ஒரு டேப் ரெக்கார்டர் டெக்சாஸின் ஹெம்ப்ஹில் அருகே தரையில் விழுந்து கிடந்தது. மார்ச் 19 அன்று தேடுதல் குழு அதைக் கண்டெடுத்தது. உடனே ஓட்டிப் பார்க்க யாரும் முயலவில்லை. முதலில் டேப் தயாரிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பிச் சுத்தம் செய்தார்கள், அதன்பிறகே பிரதி எடுத்தார்கள். தரைக்கட்டுப்பாட்டு அறைக்குச் சந்தேகம் வருமுன்பே இடது இறக்கைக்குள் வெப்பம் ஏறியதை அதுதான் சொன்னது. ஏழு பேர் எப்படி இறந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொன்ன டேப் அது. அதைத் துடைத்தவர்களின் பெயர் பலருக்கும் தெரியாது.

பட்டறையின் பின்னறையில் பழைய டிரைவுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மின்னணு உதிரிகள் விற்கும் ரிச்சி தெருவிலும் ஏலங்களிலும் பொறுக்கியவை. எல்டிஓ-7 வரை ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படித்தது. எல்டிஓ-8 ஒரு தலைமுறையோடு நிறுத்திக்கொண்டது. ஆலையின் டேப்பை எல்டிஓ-7 டிரைவே தொடாது. நல்ல டேப் இருந்தும் படிக்கக் கருவி இல்லாத நிலைதான் இனி அதிகம் வரும் என்பது அண்ணாச்சியின் கணிப்பு. உதிரிக்காக அவர் ஒன்றையும் தூக்கிப் போடுவதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அந்தப் பெண் எடுத்தார். மறுமுனையில் யாரோ படபடப்பாகப் பேசுவது எனக்கே கேட்டது.

"சார், பவரை ஆஃப் பண்ணிடுங்க. ஆன் பண்ணாதீங்க, ஆன் பண்ணா அதுவே சுத்த ஆரம்பிச்சிடும். இல்ல, கையால இழுக்காதீங்க. வேற டிரைவ் இருந்தாலும் வேணாம். டிரைவோட கழட்டி வைங்க. நான் நாளைக்குக் காலைல வர்றேன்."