கொட்டகலையில் ஓர் அந்நிய மொழி

ஒரு மொழி மனிதனிடம் வந்து சேர்வதற்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று செவி, மற்றையது கண். கொட்டகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுக்கு ஆங்கிலம் செவி வாயிலாகவே வந்தது. கண் வாயில் நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. அதனைத் திறக்க முயலும் இன்றைய மாணவனின் இடர்ப்பாட்டை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் இவ்வுண்மையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

தோட்டத்து மக்கள் ஆங்கிலம் அறியாதவர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. 'லைன்' என்ற சொல் லயமாயிற்று, 'பரேட்' பெரட்டாயிற்று. தேயிலை ஆலை 'ஸ்டோர்' எனவும், பெயர்ப் பதிவேடு 'செக்ரோல்' எனவும் அவர்தம் நாவில் நிலைத்துவிட்டன. லயத்தின் 'காம்பரா'வோ ஆங்கிலேயருக்கும் முன்னே வந்த போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். எதிர்த் திசையிலும் ஒரு பயணம் நிகழ்ந்தது: தமிழரின் கங்காணி ஆங்கில அகராதிக்குள் புகுந்து இடம்பிடித்துக்கொண்டான். இவ்வாறு சொற்கள் கலந்தன, வாக்கியங்கள் கலக்கவில்லை. கட்டளை கேட்பதற்குத் தனிச்சொற்கள் போதும். கேள்வி கேட்பதற்கும் மறுத்துரைப்பதற்கும் வாக்கியங்கள் வேண்டும். அவை அம்மக்களுக்கு வழங்கப்படவில்லை.

1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டங்களில் வாழ்ந்த 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. எழுத்தும் எண்ணும் ஓரளவு கற்றால் போதுமென்பதே அக்கல்வியின் எல்லை. அதே காலத்தில் தொழிலாளரின் வாழ்வைத் தீர்மானித்த தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. கடனைத் தீர்த்தால் இன்ன தொகை ஆட்களை விடுவிப்பேன் எனத் துரை எழுதிக்கொடுத்த 'துண்டு' அத்தகையது. அத்தாளிற் குறிக்கப்பட்ட மனிதர், தம் விலை எவ்வளவென்று தாமே வாசித்தறிய இயலாதவராயிருந்தனர். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் தாளுக்கு அஞ்சும் நிலை ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர், 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேரே பிரசைகளாக ஏற்கப்பட்டனர். அரச அலுவல்கள் ஆங்கிலத்தில் நடந்த அந்நாட்களில், நாடற்றவராதல் என்ற பெருந்துயர் வாசிக்கத் தெரியாத ஒரு மொழியின் படிவங்களுக்கூடாகவே நடந்தேறியது. படிவத்தை வாசித்திருந்தால் மட்டும் சட்டத்தின் கொடுமை நீங்கியிராது என்பது மெய்யே. எனினும், தனக்கு நேர்வது இன்னதென்று தானே அறிதல் மனிதனுக்குரிய முதல் உரிமையன்றோ?

1945இல் இந்நாட்டிற்குக் கிடைத்த இலவசக் கல்வியின் பயன் தோட்டங்களை முழுமையாக எட்டவில்லை. 1977ஆம் ஆண்டு தொடக்கம் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறலாயிற்று. இன்று மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலம் ஒரு பாடமாகப் போதிக்கப்படுகிறது. ஆயினும் சாதாரண தரப் பரீட்சையை நெருங்கும் மாணவர் பலர் பத்துக் கட்டுரைகளையும் ஐந்து கடிதங்களையும் மனனம் செய்துகொண்டு மண்டபத்துள் நுழைகின்றனர். மனனம் செய்தது வினாத்தாளில் வராவிடின் கையிலிருப்பது ஒன்றுமில்லை. செவிவழி வந்த மொழிக்கும் மனனவழி வந்த மொழிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டிலும் கற்பவன் திரும்பச் சொல்பவனே, வாசிப்பவன் அல்லன்.

இலக்கணம், சொல்வளம், கிரகித்தல் என மூன்றாக இப்பயிற்சியைப் பகுப்பது மரபு. இவற்றுள் இலக்கணத்தைக் கண்டு அஞ்சுவோரே அதிகம். ஆனால் தமிழிலக்கணம் கற்ற மாணவன் வெறுங்கையோடு வருபவனல்லன். 'கொழுந்து பறித்தாள்' என்பதற்கும் 'கொழுந்தைப் பறித்தாள்' என்பதற்குமுள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்க்கலாம். முன்னையது பொதுவாக அவள் செய்த தொழிலைக் கூறுகின்றது. பின்னையது குறித்த கொழுந்தைச் சுட்டுகின்றது. ஆங்கிலத்தில் 'த' என்னும் சிறுசொல் செய்யும் பணியில் ஒரு பங்கைத் தமிழில் ஐயுருபு செய்துவிடுகின்றது. 'மழையில் நனைந்த கொழுந்தை நிறுத்த கணக்கப்பிள்ளை' எனத் தமிழ் அடைமொழிகளையெல்லாம் முன்னே அடுக்கி, கணக்கப்பிள்ளையை இறுதியில் நிறுத்துகின்றது. ஆங்கிலமோ கணக்கப்பிள்ளையை முதலில் நிறுத்தி, 'ஹூ' என்றொரு சொல்லால் கதவைத் திறந்து, ஏனையவற்றைப் பின்னே வரவிடுகின்றது. இரு மொழிகளும் ஒரே பொருளை எதிரெதிர்த் திசைகளிலிருந்து அணுகுகின்றன என்பதை உணர்ந்தவனுக்கு விதிகள் சுமையாகத் தோன்றா. பெயரெச்சம் இன்னதென்று அறிந்த பிள்ளைக்கு இதனை ஒரு மாலைப்பொழுதில் விளக்கிவிட முடியும்.

சொல்வளமும் அத்தகையதே. அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்பவன் சொற்களை அவற்றின் சுற்றத்தினின்றும் பிரித்தெடுக்கின்றான். சுற்றமிழந்த சொல் விரைவில் மறந்துபோகும். கொட்டகலை மாணவனுக்கோ வீட்டு வாசலிலேயே ஓர் அகராதி விரிந்துகிடக்கின்றது. ஸ்டோரிலே கொழுந்து வாட்டப்படுவதைக் குறிக்கும் 'விதர்' என்ற வினை, பூ வாடுவதற்கும் நம்பிக்கை வாடுவதற்கும் ஆங்கிலத்தில் வழங்குகின்றது. கவ்வாத்து வெட்டுவதைக் குறிக்கும் 'புரூன்', செலவைக் குறைப்பதற்கும் கட்டுரையைச் சுருக்குவதற்கும் பயன்படுகின்றது. தேயிலைப் பெட்டியிற் காணும் 'பீக்கோ' தென்சீனத்து வழக்கொன்றிலிருந்து வந்தது. இளந்துளிரின் வெண்ணிற மென்மயிரைக் குறிப்பது. தமிழின் 'தேயிலை'யில் உள்ள 'தே'யும் ஆங்கிலத்து 'ரீ'யும் அதே சீன மூலத்தின் பிள்ளைகள். தன் தாயின் தொழிலுக்குரிய சொற்கள் உலகைச் சுற்றி வந்தவை என்றறியும் பிள்ளைக்கு அந்நிய மொழியின்பால் உள்ள கூச்சம் பாதி அகலும்.

ஆயினும் இலக்கணமும் சொல்வளமும் சென்றடையும் இடம் கிரகித்தலேயாகும். இங்குதான் பெரும் ஏமாற்றமும் நிகழ்கின்றது. வினாவிலுள்ள ஒரு சொல்லைப் பந்தியிலே தேடிப்பிடித்து, அச்சொல் நிற்கும் வரியை அப்படியே பெயர்த்தெழுதும் தந்திரம் மாணவரிடையே வழிவழியாக வருகின்றது. புள்ளி கிடைத்துவிடும், பொருள் கிடைக்காது. முதல் வாசிப்பில் அகராதியை மூடிவைத்தல், ஒவ்வொரு வாக்கியத்திலும் முதன்மை வினையைக் கண்டறிதல், 'இற்', 'தே' போன்ற சுட்டுச்சொற்கள் எதனைக் குறிக்கின்றன எனக் கேட்டல், இறுதியில் பந்தியின் கருத்தைத் தமிழில் இரு வரிகளிற் சொல்லிப் பார்த்தல் ஆகிய நான்கும் எளியவை, செலவற்றவை. லயத்துக் காம்பராவில் ஒரு பழைய பத்திரிகைத் துண்டைக்கொண்டே இவற்றைப் பயிலலாம்.

இப்பயிற்சியின் பெறுமதி பரீட்சையோடு முடிந்துவிடுவதன்று. 'பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவித்தாலன்றி, நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்' என்றொரு வாக்கியம் ஆங்கிலத்தில் வருவதாகக் கொள்வோம். அதன் உயிர் 'அன்லெஸ்' என்ற ஒரு சொல்லிலே தங்கியுள்ளது. அதனைத் தாண்டிச் சென்றவன் மௌனமாயிருந்தே சம்மதித்தவனாகிவிடுவான். மலையிலிருந்து இறங்கிவந்த தகப்பன், கங்குல் படரும் வேளையில் ஒரு கடிதத்தை நீட்டி, "தம்பி, இதுல என்னா எழுதியிருக்குன்னு பாரு" என்று நிற்கும்போது, மனனம் செய்த பத்துக் கட்டுரைகளும் உதவப்போவதில்லை. 'அன்லெஸ்' என்ற சொல்லில் தரித்து நின்று பழகிய கண்ணே உதவும்.

ஆங்கிலம் அறிந்தோர் தோட்டத்தில் தொழிலாளருக்கும் துரைக்குமிடையே ஒரு மதிலாக நின்ற காலமும் உண்டு. ஆகையால் ஆங்கிலக் கல்வியென்றாலே தன் மக்களினின்றும் விலகிச்செல்லல் என ஐயுறுவோர் உளர். அவ்வையத்துக்கு விடையாகத் திகழ்பவர் ஸி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், தம் மக்களின் உழைப்பையும் துயரையும் ஆங்கிலத்திலே எழுதி உலகறியச் செய்தார். 1970இல் வெளிவந்த 'போர்ன் ரு லேபர்' அத்தகைய நூல். அவரே மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அந்நிய மொழியைக் கண்வழி கற்றவர் தம் மொழியை இழக்கவில்லை. அதன் அருமையை மேலும் உணர்ந்தார் எனலாம்.

1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. கொட்டகலைக்கு அண்மையிலுள்ள பத்தனையில், ஜேர்மனியின் உதவியோடு 1990களில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஆசிரியர்களைப் பயிற்றி அனுப்புகின்றது. சட்டமும் கட்டடமும் வந்துவிட்டன. எஞ்சியிருப்பது வகுப்பறையில் நிகழவேண்டிய சிறு மாற்றமே: மாணவனின் கையிலிருக்கும் மாதிரிக் கட்டுரையை எடுத்துவிட்டு, அவன் முன்னொருபோதும் கண்டிராத ஒரு பந்தியைக் கொடுத்து, அவசரப்படுத்தாது காத்திருத்தல். அவன் முதலில் தடுமாறுவான், பின்னர் வினையைக் கண்டுபிடிப்பான், பின்னர் எழுவாயை. பிறர் வாசித்துச் சொல்லக் கேட்டே மூன்று நான்கு தலைமுறைகளைக் கழித்த ஒரு சமூகத்தின் பிள்ளை, அந்தப் பந்தியின் பொருளைத் தானே சொல்லட்டும்.